கையுறைச் சோதனை

11 ஜனவரி 1982, திங்கள்

காரின் கதவு உறைந்து திறக்கவில்லை. நடந்தே போனேன், பத்து நிமிடத் தாமதம். நோர்ஹாவ் கம்பெனியில் சேர்ந்த பதினான்கு வருடத்தில் இது மூன்றாவது தாமதம். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, எனக்குத்தான் நாள் முழுக்க உறுத்தியது.

காபி நேரத்தில் வில்லாட்ஸ் எழுந்து நின்றார். முதலாளி எழுந்து நிற்பது வருடத்துக்கு ஒரு முறை, கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்ல. இன்று எதற்கு என்று எல்லோரும் ரொட்டியைக் கீழே வைத்தோம். கப்பல் ரேடியோ மட்டும் செய்துகொண்டிருந்தால் மீன் குறைகிற அன்று நாமும் குறைந்துபோவோம், இனி காரில் வைக்கிற டெலிபோனும் செய்யப்போகிறோம், அதற்கான வலையமைப்பு இந்த மாதம் டென்மார்க்கிலும் திறக்கிறது என்றார். பிறகு உட்கார்ந்துவிட்டார். நாற்பத்தொரு பேர் மென்றுகொண்டிருந்தோம். கடைசியில் ஒரு குரல், "மோசமில்ல." இந்த வட ஜட்லாந்தில் அதற்கு மேல் புகழ்ச்சி கிடையாது.

எனக்குப் பயமாக இருக்கிறது. ரேடியோவை எப்படிச் சோதிப்பது என்று தெரியும். டெலிபோனை?

15 ஜனவரி, வெள்ளி

பிரேபன் கேக் கொண்டுவந்தான். ஆறு ஆம்ப்ளிஃபயர்களை எரித்துவிட்டான், இணைப்பைத் தலைகீழாகக் கொடுத்து. தப்புச் செய்தவர் வெள்ளிக்கிழமை கேக் கொண்டுவந்து, என்ன தப்பு என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் தீர்ந்தது, கேக்கைத் தின்றவர்கள் பிறகு அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. அவன் புதிதாக வந்த இன்ஜினியர், ஓல்போர் நகரத்துப் படிப்பு, முகம் சிவந்துபோய் நின்றான். பெட்டி கட்டும் பகுதியில் இருக்கும் கெர்டா, "கேக் கடையில வாங்குனதா? அதுக்குத் தனியா இன்னொரு கேக் கொண்டுவரணும்" என்றாள். அவனே சிரித்துவிட்டான்.

கெர்டா இல்லாவிட்டால் அந்தக் கூடம் தேவாலயம் மாதிரி இருக்கும். அவளும் நானும் ஒரே வாரத்தில் சேர்ந்தவர்கள்.

2 மார்ச்

முதல் கார் போன் என் மேசைக்கு வந்தது. கடல் காற்று மாதிரி உப்புத் தண்ணீரைப் புகையாக அடிக்கும் சோதனைப் பெட்டிக்குள் வைத்தேன். நான்கு நாள். பிரேபன், "கார் கடலுக்குள்ள போகுமா டாக்னி?" என்று கேட்டான். இங்கே போகும் என்றேன்.

9 டிசம்பர் 1983

நடந்ததை வரிசையாக எழுதினால் மனசு அடங்குமோ என்னவோ.

என் கணவன் ஈகோன் தன் மீன்பிடிப் படகில் எங்கள் போன் ஒன்றைச் சோதனைக்காக வைத்திருக்கிறான். நேற்று மாலை துறைமுக வாயிலுக்குள் வரும்போது, அவனோடு வேலை செய்யும் கார்லோவின் கை வலை இழுக்கும் உருளையில் சிக்கியது. ரேடியோவில் யாரோ மத்தி மீன் விலை பேசிக்கொண்டிருக்க, ஈகோன் போனை எடுத்து டாக்டரைக் கூப்பிட முயன்றான். கையில் நனைந்த ரப்பர் கையுறை. ஒரு பட்டனுக்கு இரண்டு பட்டன் அழுந்துகிறது. மூன்று முறை தப்பான எண். கடைசியில் பல்லால் கையுறையைக் கடித்து இழுத்துவிட்டு அழைத்தான்.

கார்லோவுக்கு இரண்டு விரல் போயிற்று. அந்த ஒரு நிமிடம் மிச்சமானாலும் போயிருக்கும் என்றுதான் டாக்டர் சொன்னார். ஈகோன் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டைத் தொடாமல், "உங்க போனு குமாஸ்தாவுக்குச் செஞ்சதுடி" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதற்குத்தான் எனக்கு அழுகை வந்தது. அதைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டது நான்.

12 டிசம்பர் 1983

விதி எழுதிவிட்டேன். மஞ்சள் ரப்பர் கையுறை, ஐஸ் தண்ணீரில் ஐந்து நிமிடம். அதை மாட்டிக்கொண்டு எட்டு இலக்க எண்ணைத் தப்பில்லாமல் அழுத்த வேண்டும், மூன்று முறை. தேறாத எந்த மாதிரியும் வாசலைத் தாண்டாது. வில்லாட்ஸ் படித்துப் பார்த்து, ஒரு எழுத்தும் மாற்றாமல் கையெழுத்துப் போட்டார். "கடல்ல உடைஞ்சா திருப்பிக் கொண்டுவர கடை இல்ல" என்றார். அவருடைய அப்பா கடலில் இறந்தவர்.

வெள்ளிக்கிழமை கேக் நான் கொண்டுபோக வேண்டும்.

30 ஆகஸ்ட் 1985

பெரிய பட்டன் வைத்த போனைப் பார்த்துச் சிரித்தவர்களெல்லாம் இப்போது வாங்குகிறார்கள். ஸ்வீடனில் மரம் வெட்டுகிறவர்கள், நார்வேயில் பனி வண்டி ஓட்டுகிறவர்கள், இங்கே டிராக்டர் வைத்திருக்கிற ஒவ்வொருவரும். விளம்பரத் தாளின் அட்டையில் என் மஞ்சள் கையுறை! படம் பிடிக்க வந்தவன் அதைக் கழுவச் சொன்னான். கழுவ மாட்டேன் என்றேன்.

நூற்றெண்பது பேர் ஆகிவிட்டோம். ரொட்டிக் கடை எங்களுக்காக ஐந்தரை மணிக்கே திறக்கிறது.

17 மே 1988

புதுக் கூடம் திறப்பு. நானூறு பேர். மந்திரி வந்து பேசினார், யாருக்கும் கேட்கவில்லை, காற்று. பிரேபன் இப்போது வடிவமைப்புத் தலைவர், கழுத்தில் டை. நான் அதே மேசை, அதே கையெழுத்து. கெர்டாவின் கீழே முப்பது பெண்கள். மாலையில் இருவரும் பழைய கூடத்தின் படியில் உட்கார்ந்து பீர் குடித்தோம். இவ்வளவு பெரிதாகும் என்று நினைத்தாயா என்று கேட்டேன். "நெனச்சா கண் பட்டுடும்" என்றாள்.

இந்த ஊரில் எல்லா வீட்டிலும் ஒருவராவது நோர்ஹாவில் இருக்கிறார்கள். கெர்டா வீட்டில் மூன்று பேர்.

6 அக்டோபர் 1989

இன்றைய நாளை மறக்காமல் எழுதி வைக்கிறேன், ஏனோ மனசு சரியில்லை.

விற்பனைக்காரர் ஒருவர் வெளிநாட்டு பாக்கெட் போன் ஒன்றை வாங்கிவந்தார். காபி நேரத்தில் கை மாறி மாறி வந்தது. வில்லாட்ஸ் அதைச் சட்டைப் பையில் செருகிப் பார்த்துவிட்டு, "பையில வைக்கறது தலை சீவற சீப்பு" என்றார். எல்லோரும் சிரித்தோம். யாரோ மேசை உயரத்திலிருந்து கீழே போட்டார்கள். மூலையில் விரிசல். இன்னொரு சிரிப்பு. என்னைக் கூப்பிட்டார்கள், ஐஸ் தண்ணீர், மஞ்சள் கையுறை. ஒரே அழுத்தில் மூன்று பட்டன். கை தட்டினார்கள். நானும் குனிந்து வணங்கினேன், கூத்தாடி மாதிரி.

கெர்டா மட்டும் உடைந்ததை எடுத்துக் கையில் எடை பார்த்துக்கொண்டிருந்தாள். "இவ்வளவு லேசா! என் அக்கா பொண்ணு இதைப் பாத்தா விடமாட்டா" என்றாள். அக்கா பெண் மீன் பிடிக்கிறாளா என்று யாரோ கேட்டார்கள். அதற்கும் சிரிப்பு.

காபி நேரம் இன்று நாற்பது நிமிடம் நீண்டது.

14 நவம்பர் 1990

ஆர்டர் குறைகிறது. வில்லாட்ஸின் அறையில் விளக்கு மட்டும் ஆறு மணி தாண்டியும் எரிகிறது. பாக்கெட் போன் செய்யலாமா என்று ஒரு வருடமாகப் பேசி, இன்றுதான் செய்வோம் என்றானது. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறோம்.

20 பிப்ரவரி 1992, வியாழன்

இல்லை என்று சொல்லிவிட்டேன்.

பாக்கெட் போன் சோதனைக்கு வந்தது. உப்பில் தேறியது, குளிரில் தேறியது, விழுந்தும் உடையவில்லை. கையுறையில் ஒரு முறைகூடத் தேறவில்லை. தேறாது — அவ்வளவு சின்ன பட்டன். பிரேபன் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தான். மூன்று இரவு தூங்காத முகம். பட்டனைப் பெரிதாக்க அச்சு முழுக்க மாற்ற வேண்டும், ஏழு மாதம் ஆகும், ஏழு மாதம் நம்மிடம் இல்லை என்றான்.

"டாக்னி, இத வாங்கப்போறது மீன்காரன் இல்ல. மிலான்ல ஒரு வக்கீல். வக்கீலுக்குக் கையுறையக் கழட்டத் தெரியும்."

"அப்போ விதிய மாத்துங்க. வில்லாட்ஸ் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். விதி இருக்கறவரைக்கும் நான் போட மாட்டேன்."

அவர் மாற்ற மாட்டார் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அட்டையில் கையுறைப் படம் போட்டே ஏழு வருடம் விற்றிருக்கிறோம். எழுந்து போகும்போது, "அறுநூறு பேர் டாக்னி" என்றான். அவ்வளவுதான்.

நான் செய்தது சரியா? பிரேபன் சொல்வதும் சரிதானே. ஆனால் கையெழுத்து என்றால் 'நான் சோதித்தேன், தேறியது' என்று பொருள். தேறவில்லையே. தேறாததைத் தேறியது என்று எப்படி எழுதுவேன்?

ஈகோனிடம் சொன்னேன். "வக்கீலுக்கும் விரல் பத்துதான்" என்றான். அது எனக்கு ஆதரவா எதிரா என்று தெரியவில்லை.

3 ஏப்ரல் 1992

வாசலில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. எட்டு வாரம் வீட்டில். இடது கையால் எழுதுகிறேன். போதும்.

1 ஜூன் 1992

வேலைக்குத் திரும்பினேன். பாக்கெட் போன் பேச்சே இல்லை. கேட்டால் பிரேபன் ஜன்னல் பக்கம் பார்க்கிறான். புது அச்சு வந்துகொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கெர்டாவைக் காபிக்குக் கூப்பிட்டேன், வேலை இருக்கிறது என்றாள்.

23 நவம்பர் 1992, திங்கள்

முடிந்தது. காபி நேரத்தில் வில்லாட்ஸ் எழுந்து நின்றார். பணம் கட்ட முடியவில்லை, நீதிமன்றத்துக்குப் போய்த் திவால் என்று சொல்லிவிட்டு வந்தேன் என்றார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்து, முடியாமல் உட்கார்ந்தார். இன்று யாரும் மோசமில்லை என்று சொல்லவில்லை.

மேசையைக் காலி செய்ய ஒரு அட்டைப் பெட்டி போதுமாக இருந்தது. இருபத்து நான்கு வருடம்!

அறுநூறு பேர் என்று பிரேபன் சொன்னது காதிலேயே இருக்கிறது. நான் ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால்?

8 டிசம்பர் 1992

ரொட்டிக் கடையில் எனக்கு முன்னால் இருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது; நான் கையெழுத்துப் போட மறுத்தது ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. கெர்டாவும் வரிசையில் இருந்தாள். வணக்கம் சொன்னேன். ரொட்டியை வாங்கிக்கொண்டு என் தோளை உரசிக்கொண்டே போனாள், திரும்பவில்லை. அவள் கணவன், மகன், அவள் — மூவருக்கும் வேலை போய்விட்டது. அவளுக்கு என்னை வெறுக்க உரிமை உண்டு.

13 மார்ச் 1993

வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று புதுக் கூடத்தை வாங்கியிருக்கிறது. தொண்ணூறு பேரை எடுத்துக்கொண்டார்கள். என்னை இல்லை. அவர்களிடம் சோதனைக்கு இயந்திரம் இருக்கிறதாம்.

இன்று வட்டாரப் பத்திரிகையில் முழுப் பக்கம். வில்லாட்ஸின் பேட்டி. நோர்ஹாவ் ஏன் விழுந்தது என்று கேட்டதற்கு, நாங்கள் தரத்தில் விட்டுக்கொடுக்கவில்லை, எங்கள் சோதனை அறையில் ஒரு பெண் இருந்தாள், அவள் இல்லை என்றாள், நான் அவளை மதித்தேன் என்று சொல்லியிருக்கிறார். தலைப்பு: 'கையெழுத்துப் போடாத பெண்.'

மூன்று முறை படித்தேன். முதலில் உடம்பெல்லாம் பற்றியெரிந்தது, அறுநூறு பேரின் சாபத்தை என் தலையில் போட்டுவிட்டாரே என்று. ஆனால் மாலைக்குள் இரண்டு பேர் தொலைபேசியில் கூப்பிட்டு, உன்னை மாதிரி ஆள் இல்லை என்றார்கள். உண்மையைச் சொன்னால், பக்கத்தைக் கத்தரித்து எடுத்து வைத்திருக்கிறேன்.

19 ஆகஸ்ட் 1993

தொழில்நுட்பப் பள்ளியில் பாதி நேர வேலை. மாணவர்கள் என்னைக் கையுறை அம்மா என்று முதுகுக்குப் பின்னால் சொல்கிறார்கள். மரியாதையாகத்தான் சொல்கிறார்கள். ஊரில் பாதிப் பேர் என்னைத் திட்டுகிறார்கள், மீதிப் பேர் வாழ்த்துகிறார்கள். வெளியூர்க்காரர்கள் எல்லோரும் வாழ்த்துகிறார்கள். ஓல்போரில் ஒரு கூட்டத்தில் பேசக் கூப்பிட்டார்கள், போனேன். கேள்வி நேரத்தில் ஒருவர் கண் கலங்கினார். நல்லதைச் செய்து தோற்றோம் என்பதில் இந்த மக்களுக்கு ஏதோ ருசி இருக்கிறது. எனக்கும்தான்.

கெர்டா இப்போது ஹிர்ட்ஸ்ஹால்ஸில் மீன் தொழிற்சாலையில். பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். அவள் பார்க்கவில்லை. பார்க்காத மாதிரி இருந்தாள்.

19 மே 1995, வெள்ளி

எங்கிருந்து தொடங்குவது?

வில்லாட்ஸ் கூப்பிட்டிருந்தார். உடம்பு முடியாமல் இருக்கிறார் என்று தெரியும், நுரையீரல். தோட்டத்தில் நாற்காலி போட்டு, மே மாத வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி ரிக்மோர் காபி வைத்துவிட்டு உள்ளே போனாள். மேசையில் ஒரு முழு கேக். இனிப்பே தொடாத மனிதர். யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டேன்.

"பிறந்தநாள் இல்ல. வெள்ளிக்கிழமை" என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு துண்டு வெட்டி என் தட்டில் வைத்தார். அப்புறம் சொன்னார்.

"கையெழுத்து நீ போடலேன்னா என்ன, நான் போட்டேன் டாக்னி. நீ கை ஒடிஞ்சு வீட்ல இருந்தப்போ. ஈஸ்டர் வாரம், பாதிப் பேர் லீவு. மூவாயிரத்து இருநூறு போன் இத்தாலிக்குப் போச்சு."

புரியவில்லை. மறுபடி சொல்ல வைத்தேன்.

விற்கவில்லையாம். கையுறையால் இல்லை, மிலானில் யாரும் கையுறையைக் கேட்கவே இல்லை. அதே கடையில், பாதி விலைக்கு, இதைவிடச் சின்னதாக, இதைவிட அழகாக வேறு கம்பெனிகளின் போன்கள் இருந்தன. ஆகஸ்டில் பெட்டி பிரிக்காமலே இரண்டாயிரத்து எண்ணூறு திரும்பி வந்தது. அவற்றை ஓல்போர் கிடங்கிலேயே வைத்து, யாருக்கும் தெரியாமல் உடைக்கக் கொடுத்துவிட்டார். பிரேபனுக்குத் தெரியும். பெட்டி கட்டிய நாலு பெண்களுக்கு மாதிரிச் சரக்கு என்று சொல்லியிருந்தார்.

அப்படியானால் என் 'இல்லை'?

மூன்று வருடம் நான் எதைச் சுமந்தேன்? ரொட்டிக் கடையில் தலை குனிந்து நின்றேனே, எதற்கு? நான் தடுக்கவே இல்லை. கம்பெனி என்னால் விழவும் இல்லை. என்னைத் தாண்டிக்கொண்டு போய், தானே விழுந்திருக்கிறது.

பத்திரிகையில் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது, ரிக்மோர் ஜன்னலுக்கு வந்தாள். அவர் கம்பளியைச் சரி செய்துகொண்டே இருந்தார்.

"பின்ன என்ன சொல்லச் சொல்ற? பையில வைக்கறது சீப்புன்னு சொன்ன கிழவன் ரெண்டு வருஷம் தூங்கிட்டான்னா? நேர்மையால செத்தோம்னா ஊரு தலை நிமிந்து நடக்கும். உன்னத் திட்டினாலும் உன் பேரு கெடாதுன்னு நெனச்சேன்."

"மூணு வருஷமா நான் தூங்கல வில்லாட்ஸ். கேக்காமலே என் பேர எடுத்துக்கிட்டீங்க."

"அதுக்குத்தான் கேக்" என்றார்.

தான் இருக்கும்வரை வெளியில் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். தட்டில் இருந்த கேக்கைத் தின்றேன். அதுதான் பதில் என்று அவருக்குத் தெரியும்.

அதே நாள்

ஈகோன் கேட்டுவிட்டு, "அப்போ கம்பெனிய மூழ்கடிச்சது நீ இல்ல. நல்ல சேதிதானே?" என்றான். தட்டை அவன் முன்னால் போட்ட வேகத்தில் மீன் மேசைக்கு வந்துவிட்டது. நல்ல சேதிதான். பாரம் இறங்கிவிட்டது. ஆனால் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. நான் சொன்ன ஒரே பெரிய 'இல்லை', அதற்கு ஒரு மதிப்பும் இல்லாமல் போயிற்றே.

11 பிப்ரவரி 1996

வில்லாட்ஸை இன்று அடக்கம் செய்தோம். பாதிரியார் கையுறைக் கதையைச் சொன்னார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன்.

27 செப்டம்பர் 1996

அவர் போய் ஏழு மாதம் ஆகிவிட்டது. இனி காப்பாற்ற வேண்டிய வாக்கு எதுவும் இல்லை. ஆனாலும் சொல்லவில்லை. இன்று பள்ளியில் ஒரு ஆசிரியர் புதிய மாணவர்களிடம் என்னை அறிமுகப்படுத்தினார், அதே கதை. திருத்த வாய் திறந்தேன். அந்த முகங்களைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். பிணத்தின் மேல் பழி போடக் கூடாது என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். நல்ல பெயரை விட மனசில்லை. அவ்வளவுதான் டாக்னி, எழுதித் தொலை.

24 ஜூலை 1997

துறைமுக அருங்காட்சியகத்தில் நோர்ஹாவுக்கு ஒரு அறை திறக்கிறார்களாம். பெரிய பலகையில் என் கதை. நான் வந்து பத்து நிமிடம் பேச வேண்டும். அழைத்த பெண் மிகவும் இனிமையானவள். பழைய ஆட்கள் எல்லோரையும் கூப்பிட்டிருக்கிறாளாம்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

31 ஜூலை 1997

ரிக்மோரைப் பார்க்கப் போனேன். சொல்லப்போகிறேன், உனக்கு வலிக்கும் என்றேன். அவள் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"அந்தக் கேக்கச் சுட்டது நான்தான். எதுக்குன்னு கேக்காமயா சுட்டேன்?" என்றாள். பிறகு, "சொல்லு. ஆனா அவன் கெட்டவன்னு மட்டும் சொல்லாத" என்றாள்.

கெட்டவர் இல்லை. அது எனக்கும் தெரியும்.

13 செப்டம்பர் 1997, சனி

வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் எழுதுகிறேன்.

நூறு பேர் இருக்கும். ரிக்மோர் முன் வரிசையில், ஈகோன் கதவோரத்தில், எப்போது வேண்டுமானாலும் ஓட வசதியாக. பிரேபன் ஸ்வீடனிலிருந்து வந்திருந்தான், முடியெல்லாம் நரைத்துவிட்டது. கெர்டா நடு வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் அவள் பை.

எழுதி வைத்த தாளை எடுக்கவில்லை. எடுத்தால் அழகாகப் பேசிவிடுவேன். என்ன சொன்னேன் என்று இப்போது நினைவுபடுத்தி எழுதுகிறேன்.

பலகையில் இருப்பது நடக்கவில்லை என்றேன். நான் கையெழுத்துப் போட மறுத்தது உண்மை. ஆனால் அந்தப் போன் நான் இல்லாதபோது வேறு கையெழுத்தோடு போனது, விற்காமல் திரும்பி வந்தது. நாங்கள் நேர்மையால் விழவில்லை, பிந்திப்போனதால் விழுந்தோம். எண்பத்தொன்பதில் ஒரு பாக்கெட் போனைக் காபி நேரத்தில் உடைத்துச் சிரித்தோம். அன்று அதிகமாகக் கை தட்டல் வாங்கியது நான். வில்லாட்ஸ் இந்த ஊர் தலை குனியக் கூடாது என்று ஒரு கதை சொன்னார். அது பொய் என்று எனக்கு இரண்டு வருடமாகத் தெரியும். அந்தக் கதையில் எனக்கு நல்ல பெயர் இருந்தது, அதனால் சொல்லவில்லை. கேக் கொண்டுவரவில்லை, இதற்கு ஒரு கேக் போதாது என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

கை தட்டலும் இல்லை. அருங்காட்சியகப் பெண் பலகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிரேபன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். யாரோ ஒருவர் எழுந்து வெளியே போனார், கதவைச் சத்தமாகச் சாத்தினார். மேடையிலிருந்து இறங்கினேன். எங்கே போவது என்று தெரியவில்லை. என் நாற்காலி முன் வரிசையில், அவ்வளவு பேரையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு உட்கார என்னால் முடியாது. நடுவழியில் நின்றுவிட்டேன்.

கெர்டா தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

உட்கார்ந்தேன். அவள் முன்னாலேயே பார்த்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினாள்.

"ஈஸ்டர் வாரம் அதையெல்லாம் பெட்டி கட்டுனது நாந்தான். மாதிரிச் சரக்குன்னாங்க. மூவாயிரம் மாதிரியா? நீ ரகசியமாக் கையெழுத்துப் போட்டுட்டு, வெளிய போடலன்னு பெருமை அடிச்சுக்கறேன்னு நெனச்சேன். அஞ்சு வருஷம்."

வேலை போன கோபம் என்றல்லவா நான் நினைத்திருந்தேன். கேட்டிருக்கலாமே கெர்டா என்றேன்.

"நீ வந்து சொல்லுவேன்னு பாத்தேன்" என்றாள்.

மேடையில் வேறு யாரோ பேச ஆரம்பித்திருந்தார்கள். காபி தட்டு வந்தபோது அவள் இரண்டு கோப்பை எடுத்து, ஒன்றை என்னிடம் நீட்டினாள்.